பல்கலைக்கழகம் போன கம்ப்ரஸர்

பல்கலைக்கழகத்தின் பெரிய வாசலுக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு பஞ்சர்க் கடை இருந்தது. கடை என்றால் மேலே நாலு தகரம், உட்கார ஒரு பெஞ்சு, டியூபை முக்கிப் பார்க்க ஒரு தண்ணீர்த் தொட்டி, மூலையில் ஒரு கம்ப்ரஸர். இத்தனை வருஷமாக உள்ளே யார் எதைக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டால் வாட்ச்மேனுக்கும் தெரியாது, துணைவேந்தருக்கும் தெரியாது. ஆனால் உள்ளே போன வண்டிகளில் பாதி இந்தக் கடையில் காற்றடித்துக்கொண்டு போனவைதான். வளாகத்துக்குள் எப்போதும் ஏதாவது ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டே இருக்கும். அந்த வேலையில் சிந்தும் ஆணிகள் லாரிச் சக்கரத்தோடு வாசலுக்கு வந்து சேரும். வெளியே இருக்கிறவனுக்குப் பல்கலைக்கழகத்தால் நேராகக் கிடைத்த நன்மை அந்த ஆணிகள் ஒன்றுதான். பஞ்சர்க்காரர் அதற்காக யாருக்கும் நன்றி சொன்னதில்லை. அவர்களும் எதிர்பார்த்ததில்லை. இரண்டு தரப்பும் சுமுகமாகத்தான் இருந்தது.

பிறகு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. உயர்கல்வியும் புத்தாக்கமும் கைகோத்தால்தான் பின்தங்கிய வட்டாரங்களில் பொருளாதாரம் வளருமாம். ஆகவே ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் வட்டாரத்தை வளர்த்துக் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் மானியம் நிறுத்தப்படும் என்று அதில் இருந்தது. மானியம் என்ற சொல்லைப் படித்த பிறகுதான் உள்ளே பலருக்கும் வட்டாரம் என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வந்தது. அவசரக் கூட்டம் போட்டார்கள். புத்தாக்க மையம் என்று ஒன்றைத் திறந்தார்கள். அதற்கு ஒரு இயக்குநரைப் போட்டார்கள். அவர் முதல் வேலையாக வட்டாரத்தைத் தேடிக்கொண்டு வாசலுக்கு வெளியே வந்தார். இடது பக்கம் பொட்டல். வலது பக்கம் அவர்களுடைய மதில் சுவர். எதிரே பஞ்சர்க் கடை.

இயக்குநரோடு கோட்டுப் போட்ட இளைஞர் ஒருவரும் வந்தார். அவருக்கு வழிகாட்டி என்று பதவி. யாருக்கு எந்த வழியைக் காட்டுகிறார் என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. இரண்டு பேருக்கும் பின்னால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தவன் பஞ்சர்க்காரரின் மச்சினன், மனைவியின் கூடப் பிறந்த தம்பி. மையத்தில் தற்காலிக உதவியாளன்.

இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஐயா, இந்த வட்டாரம் நீங்கதானா?" என்றார்.

பஞ்சர்க்காரர் கையில் டயர் கழற்றும் லிவரோடு எழுந்து நின்றார். "இல்லீங்க. நான் பஞ்சர்க் கடை."

"அது தொழில். நான் கேக்கிறது வட்டாரம். வாசலுக்கு வெளியே வேற யாராவது பிழைப்பு நடத்துறாங்களா?"

"ஒரு டீ வண்டி நின்னுச்சுங்க. உங்க வாட்ச்மேன் விரட்டிட்டாரு."

"நல்லதாப் போச்சு. அப்ப நீங்க மட்டும்தான்." இயக்குநர் வழிகாட்டியைப் பார்த்தார். "வட்டாரம் ஒன்று. எழுதிக்கங்க." பிறகு பஞ்சர்க்காரரின் தோளில் கை வைத்தார். கை வைத்த பிறகு கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். "உங்களை நாங்க வளர்க்கப் போறோம்."

"எதுக்குங்க?"

இந்தக் கேள்வியை அவர்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. வழிகாட்டி இருமினார். மச்சினன் பின்னாலிருந்து, "சரின்னு சொல்லுங்க மாமா" என்று பல்லைக் கடித்தான்.

"உங்க தொழில்ல எது இல்லைன்னா எதுவுமே நடக்காது?" என்று இயக்குநர் கேட்டார்.

பஞ்சர்க்காரர் அங்கேதான் ஏமாந்தார். பாவம், நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டார். தொட்டியைக் காட்டியிருந்தால் தொட்டியோடு போயிருக்கும். பெஞ்சைக் காட்டியிருந்தால் பெஞ்சைக் கொண்டுபோய் ஆராய்ச்சி செய்திருப்பார்கள். அவர் கம்ப்ரஸரைக் காட்டினார்.

அது பழைய கம்ப்ரஸர். பழைய சாமான் கடையிலிருந்து வந்தது. ஓட ஆரம்பித்தால் தகரம் அதிரும். பக்கத்தில் நிற்கிறவரிடம் பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். புருஷனும் பெண்டாட்டியும் சண்டையை அது ஓடும்போதுதான் வைத்துக்கொள்வார்கள். ரோட்டில் போகிறவன் காதில் விழாது. மற்றபடி அதன் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது.

"இதை நாங்க எடுத்துட்டுப் போய் மேம்படுத்தித் தர்றோம். ஒரு வாரம்" என்றார் இயக்குநர்.

"நல்லாத்தானே ஓடுது?"

"நல்லா ஓடுறதைத்தான் மேம்படுத்த முடியும். ஓடாததை ரிப்பேர் பண்ணணும். ரிப்பேர் எங்க வேலை இல்லை."

பஞ்சர்க்காரர் தலையைச் சொறிந்தார். மச்சினன் அவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான். "மாமா, என் வேலையை நிரந்தரம் பண்ணணும்னா இந்த ஆளு மனசு வைக்கணும். நீங்க முகத்தைச் சுளிச்சீங்கன்னா என் பொழப்பு போச்சு. எனக்காக."

"உங்க அக்காகிட்ட நீ சொல்றியா?"

"அதை நீங்களே சொல்லிடுங்க."

கம்ப்ரஸரைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். இயக்குநரும் வழிகாட்டியும் ஆளுக்கொரு பக்கம் கை வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். படம் எடுத்து முடித்ததும் கையை எடுத்துவிட்டார்கள். மச்சினன் ஒருவனாக அதை வாசலுக்குள் தள்ளிக்கொண்டு போனான்.

மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு வந்த மனைவி காலியாகக் கிடந்த மூலையைப் பார்த்தாள். "கம்ப்ரஸர் எங்கே?"

"படிக்கப் போயிருக்கு."

"நம்ம குடும்பத்துல படிக்கன்னு அந்த வாசப்படி ஏறுன முத ஆளு அதுதானா?" என்றாள். அவள் சிரிப்பாள் என்று அவர் நினைத்தார். அவள் சிரிக்கவில்லை.

ஒரு வாரம் போனது. அடுத்த வாரமும் போனது. பஞ்சர்க்காரர் பரண் மேல் கிடந்த கைப்பம்பை இறக்கித் துடைத்து எண்ணெய் போட்டார். சைக்கிளுக்கு அது போதும். மோட்டார் சைக்கிளுக்கு அடித்து முடிப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும். கார் வந்தால் ஓட்டுகிறவரே மூக்கில் விரல் வைத்துவிட்டு, "வேற எங்கயாவது பாத்துக்கறேன்" என்று காற்றில்லாத டயரோடு உருட்டிக்கொண்டு போய்விடுவார். பஸ் நிலையத்துப் பக்கம் இன்னொரு கடை இருந்தது. அங்கே கூட்டம் கூடியது. பஞ்சர்க்காரருக்கு வலது தோளில் ஏற்கெனவே பிடிப்பு. கொஞ்ச நாளில் கையைத் தலைக்கு மேலே தூக்க முடியவில்லை. அப்புறம் மனைவி வந்து பம்பு அடித்தாள். அவர் ஒட்டுப் போடுவார், அவள் அடிப்பாள். ஒவ்வொரு அடிக்கும் அவள் வாய் ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கும். என்ன என்று அவர் கேட்கவில்லை.

வாடிக்கை குறைந்ததே தவிர, கடையில் ஆள் குறையவில்லை. உள்ளேயிருந்து மாணவர்கள் வர ஆரம்பித்தார்கள். வண்டியோடு வந்தால் பரவாயில்லை, கேள்விகளோடு வந்தார்கள். வட்டாரம் ஒன்றே ஒன்று என்பதால் எல்லாத் துறைக்கும் அவரே வேண்டியிருந்தது. பொருளாதாரத் துறை காலையில் வரும். சமூகவியல் மத்தியானம் வரும். மனோதத்துவத் துறை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். பெஞ்சு நிறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, உண்மையாகவே பஞ்சரோடு வந்தவன் கூட்டமென்று நினைத்துத் தள்ளிக்கொண்டு போய்விடுவான்.

"உங்க வளர்ச்சியை நீங்க எப்படி உணர்றீங்க?" என்று ஒரு பெண் கேட்டாள். நல்ல பெண்தான். குரலில் மரியாதை இருந்தது.

"தோளுல உணர்றேம்மா" என்றார் பஞ்சர்க்காரர்.

"மேடம், நீங்க?"

மனைவி பம்பை நிறுத்தாமலே சொன்னாள். "நீ எந்திரிச்சா, அந்த எடத்துல ஒரு கஸ்டமர் உக்காருவான். அப்ப உணர்றேன்."

பெண் அதையும் எழுதிக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை.

கடைசியில் பஞ்சர்க்காரர் நல்ல சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வாசலுக்குள் போனார். வாட்ச்மேன் நிறுத்தினார். தினமும் எதிரே உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பவர்கள்தான். "என்ன விஷயமா வந்தீங்க?" என்று கேட்டார் வாட்ச்மேன்.

"நான்தான்யா வட்டாரம்."

"வட்டாரத்துக்கெல்லாம் உள்ள அனுமதி இல்லைங்க. போன் பண்ணிக் கேக்கறேன்."

மையம் கண்ணாடிச் சுவரும் குளிரூட்டியுமாக இருந்தது. உட்கார்ந்தால் ஆளை விழுங்கிவிடும் மூட்டைகளை நாற்காலி என்று போட்டிருந்தார்கள். சுவரெல்லாம் பொன்மொழிகள். நடுவில் மேடை மேல் வெள்ளைத் துணி போர்த்தி ஏதோ நின்றது. துணிக்குக் கீழே தெரிந்த சக்கரத்தைப் பார்த்ததும் பஞ்சர்க்காரருக்குப் பெற்ற பிள்ளையை ஆஸ்பத்திரியில் பார்த்தது போல இருந்தது.

வழிகாட்டி ஓடி வந்தார். "தொடாதீங்க. இன்னும் தொடங்கி வைக்கலை."

"ஓடுதுங்களா?"

"தெரியாது. தொடக்க விழாவுக்கு முன்னால ஓட்டிப் பாக்கக் கூடாது. முதல்ல துணைவேந்தர் கைதான் படணும். அது இங்க மரபு."

"அவரு எப்ப வருவாரு?"

"மதிப்பீட்டுக் குழு வரும்போது. குழு எப்ப வரும்னா, துணைவேந்தர் தேதி குடுத்த பிறகு."

இது மாட்டுக்கு முன்னால் வண்டியா, வண்டிக்கு முன்னால் மாடா என்று பஞ்சர்க்காரர் யோசித்துக்கொண்டிருந்தபோதே வழிகாட்டி துணியின் ஒரு ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். நீலப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பக்கவாட்டில் ஒரு சின்னத் திரை. காற்றின் அளவைக் காட்டும் முள் வைத்த வட்டத்தைக் காணோம். அது இருந்த இடத்தை அடைத்திருந்தார்கள்.

"மீட்டர் எங்கேங்க?"

"அதை எடுத்துட்டோம்" என்றார் வழிகாட்டி. முகத்தில் பெருமை பொங்கியது. "பாத்தீங்கன்னா, அந்த முள் ஏறும், இறங்கும். இறங்குறதைப் பாத்தா தொழில் முனைவோருக்கு மனச்சோர்வு வருதுன்னு எங்க ஆய்வு சொல்லுது. அதனால திரை வெச்சோம். இது ஏறும். இறங்காது."

"காத்து இறங்கினா?"

"காத்து இறங்கலாம். எண் இறங்காது."

எல்லாரும் சிரித்த முகமாக இருந்ததால் பஞ்சர்க்காரரும் சிரித்துவைத்தார். "அப்படியே எடுத்துட்டுப் போயிடறேனே. இறங்கினா இறங்கட்டும்."

"வந்ததுதான் வந்தீங்க, இன்னிக்கு வகுப்பு இருக்கு. நீங்க இல்லாம எப்படி?" என்று அவரை ஒரு மூட்டையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

வகுப்பின் பெயர் 'தோல்வியைக் கொண்டாடுவோம்.' தோற்காதவன் புதிதாக எதையும் செய்ததில்லையாம். ஆகவே ஒவ்வொருவரும் எழுந்து தங்கள் தோல்வியைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் கைதட்ட வேண்டும். ஒரு பணக்கார வீட்டுப் பையன் அப்பா கொடுத்ததையெல்லாம் தொலைத்துவிட்டு வந்ததைச் சொன்னான். பலமாகக் கைதட்டினார்கள். இன்னொருவர் மூன்றாவது தடவையாகக் கம்பெனியை மூடியதைச் சொன்னார். எழுந்து நின்று கைதட்டினார்கள். பிறகு எல்லாரும் பஞ்சர்க்காரரைப் பார்த்தார்கள்.

அவர் மூட்டையிலிருந்து எழ முயன்றார். முடியவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னார்: "எனக்கு அந்த மாதிரி பெருசா எதுவும் இல்லைங்க. ஓடிக்கிட்டிருந்த கம்ப்ரஸரை உங்ககிட்ட குடுத்தேன். அது ஒண்ணுதான்."

கூடத்தில் இடி இடித்தது போல் கைதட்டல். அன்றைய சிறந்த தோல்வி அதுதான் என்று முடிவு செய்து, மையத்தின் பெயர் பொறித்த ஒரு கோப்பையைக் கொடுத்தார்கள். அவர் கோப்பையை இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மனைவி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கம்ப்ரஸர் கேட்டுப் போன ஆளுகிட்ட டீ குடிக்கிற குவளையைக் குடுத்து அனுப்பியிருக்காங்க. நீங்களும் வாங்கிட்டு வந்திருக்கீங்க."

"கைதட்டினாங்கடி."

"எதுக்கு?"

அவர் கோப்பையை அவளிடமிருந்து வாங்கி மூலையில் வைத்தார்.

ஒரு வழியாகத் தேதி குறித்தார்கள். மேலிடத்து மதிப்பீட்டுக் குழு வந்தது. குழுவின் தலைவி ஒரு கண்டிப்பான அம்மாள். எதற்கும் சிரிக்கவில்லை. பஞ்சர்க்காரரையும் மனைவியையும் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். படம் எடுத்த பிறகு பின்வரிசைக்கு மாற்றினார்கள். மேடையில் கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் நின்றது. அவசரத்துக்கு வேறு வண்டி கிடைக்காததால் மச்சினனின் சைக்கிளைத் தூக்கி வைத்திருந்தார்கள். அவன் மேடை ஓரத்தில் நின்றுகொண்டு தன் சைக்கிளைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

துணைவேந்தர் மைக்கைப் பிடித்தார்.

"வட்டாரத்தை வளர்த்துக் காட்டுங்கள் என்று எங்களுக்கு உத்தரவு. வளர்ச்சியைக் காட்ட வேண்டுமென்றால் முதலில் ஒரு தாழ்வு வேண்டும். நாங்கள் வந்து பார்த்தபோது இந்த மனிதர் சுமாராகச் சம்பாதித்துக்கொண்டு, யாரிடமும் கையேந்தாமல் இருந்தார். ஆய்வுக்கு இது பெரிய இடைஞ்சல். எங்கள் அறிஞர்கள் சளைக்கவில்லை. கருவியைப் பெற்றுக்கொண்டோம். எங்கள் மாணவர்கள் இரவு பகல் பாராமல் அந்தக் கடையில் உட்கார்ந்தார்கள். இன்று அவர் தொழில் எந்த அளவுக்குப் படுத்திருக்கிறது என்பதை எல்லாத் துறைகளும் தனித்தனியே உறுதி செய்திருக்கின்றன. இனி அவர் எந்தப் பக்கம் அசைந்தாலும் அது வளர்ச்சிதான். இந்த அடித்தளத்தை அமைத்துக் கொடுத்தது யார்? உயர்கல்வி!"

கைதட்டினார்கள். பின்வரிசையில் மனைவி புருஷனைப் பார்த்தாள். "இந்த ஆளு சொன்னது உங்களுக்குப் புரிஞ்சுதா?"

"பெரியவங்க பேசறாங்க. சும்மா இரு."

"எனக்குப் புரிஞ்சுது" என்றாள் அவள்.

துணைவேந்தர் துணியை இழுத்தார். நீல கம்ப்ரஸர் பளபளத்தது. மச்சினன் குழாயைச் சைக்கிளின் பின்சக்கரத்தில் மாட்டினான். துணைவேந்தர் பொத்தானை அழுத்தினார். கூடமே அதிர்ந்தது. திரையில் எண் ஏறியது. ஏற ஏறக் கைதட்டல் ஏறியது. டயர் விறைத்தது. எண் இன்னும் ஏறியது. டயரின் ஒரு பக்கம் கொப்பளம் போல வீங்கத் தொடங்கியது. முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். முனைவர்கள், பேராசிரியர்கள், பதிவாளர், எல்லாருக்கும் கண் இருந்தது. ஆனால் எண் ஏறிக்கொண்டிருக்கும்போது போதும் என்று சொல்ல யாருக்கும் பதவி இல்லை. இரண்டொருவர் கைதட்டிக்கொண்டே நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார்கள்.

"போதும்! விடுய்யா!" என்று பின்வரிசையிலிருந்து மனைவி கத்தினாள்.

"கேள்வி நேரம் கடைசியில்" என்றார் வழிகாட்டி.

டயர் வெடித்தது.

மேடை முழுக்கப் புழுதி. மச்சினன் கீழே உட்கார்ந்துவிட்டான். துணைவேந்தர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு நின்றார். கோட்டு வெளுத்திருந்தது. யாருக்கும் காயம் இல்லை. மச்சினனின் சைக்கிள்தான் பின்சக்கரம் கோணிப் படுத்துக் கிடந்தது. எல்லாரும் துணைவேந்தரைப் பார்த்தார்கள். துணைவேந்தர் திரையைப் பார்த்தார். எண் உச்சத்தில் நின்றுகொண்டிருந்தது. இறங்கவில்லை.

"பாருங்கள்!" என்று முழங்கினார். ஒரு காது அடைத்துவிட்டதால் குரல் இன்னும் கனத்தது. "டயரால் தாங்க முடியவில்லை! நம் வேகத்துக்கு ஈடு கொடுக்க வட்டாரத்தில் டயர் இல்லை! இது வெடிப்பல்ல, பாய்ச்சல்!"

இயக்குநர் முதலில் கைதட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள். குழுத் தலைவி மட்டும் தட்டவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வேலைவாய்ப்பு எத்தனை?"

இயக்குநர் வழிகாட்டியைப் பார்த்தார். வழிகாட்டி கூரையைப் பார்த்தார். இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒண்ணு" என்றார். "புதுசா ஒண்ணு. இந்தக் கருவியைப் பராமரிக்க. அதை வட்டாரத்துக்கே குடுக்கறோம்."

தலைவி தலையசைத்தார். மானியம் பிழைத்தது.

மறுநாள் விடிந்ததும் பஞ்சர்க்காரர் தள்ளுவண்டி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு மையத்துக்குப் போனார். இயக்குநர் அவரை எழுந்து நின்று வரவேற்றார்.

"விழா முடிஞ்சுதுங்களே. எடுத்துட்டுப் போறேன்."

"எதை?"

"கம்ப்ரஸரைத்தான்."

இயக்குநர் உட்கார்ந்தார். "அது இப்ப கம்ப்ரஸர் இல்லை. முன்மாதிரி. மத்த பல்கலைக்கழகத்துல இருந்தெல்லாம் பாக்க வருவாங்க. முன்மாதிரியை எடுத்துட்டுப் போய்க் காத்தடிச்சா என்ன ஆகும்? தேஞ்சு போகும்."

"அது என்னோடதுங்க."

"உங்களோடதா இருந்துச்சு. நீங்க வட்டாரத்துக்குக் குடுத்தீங்க."

"நான்தான் வட்டாரம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது அப்ப. இப்ப நீங்க வளர்ந்துட்டீங்க. குழுவே ஒத்துக்கிட்டாச்சு. வளர்ந்த பிறகு நீங்க எப்படி வட்டாரமா இருக்க முடியும்?" இயக்குநர் இதைக் கோபமில்லாமல் சொன்னார். உண்மையாகவே அவருக்கு இதில் எந்தக் குழப்பமும் தெரியவில்லை. "நஷ்டம் உங்களுக்கு ஒண்ணும் இல்லை. வேலை இருக்கு. நாளையில இருந்து வாங்க."

"என்ன வேலை?"

"இதைப் பாத்துக்கணும். யாரும் தொடாம."

பஞ்சர்க்காரர் வெறும் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் மச்சினன் நின்றுகொண்டிருந்தான். மையத்துச் சட்டையைக் கழற்றி மடித்துக் கையில் வைத்திருந்தான். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. புதிய வேலை என்று இயக்குநர் சொல்லிவிட்டாரே தவிர, புதிய வேலைக்கு இடம் இல்லை. ஆகவே பழைய வேலை ஒன்றைக் காலி செய்தார்கள். அங்கே தற்காலிகமாக இருந்தவன் இவன் ஒருவன்தான்.

பஞ்சர்க்காரர் அப்படியே தள்ளுவண்டியில் உட்கார்ந்துவிட்டார். "நான் போகலடா. போய் அந்த ஆளு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிட்டு வரேன்."

"சொல்லி?" என்றான் மச்சினன். "நீங்க வேண்டாம்னா வேற எவனுக்கோ போகும். எனக்குத் திரும்பி வராது. உங்க தோளு இனிமே பம்பைத் தாங்காது. அக்கா எத்தனை நாள் அடிப்பா? போங்க மாமா. கடையை நான் பாத்துக்கறேன்."

"உனக்கு ஒட்டுப் போடத் தெரியுமா?"

"தெரியாது. காத்தடிக்கத் தெரியும்."

"எதை வெச்சு அடிப்ப?"

மச்சினன் மடித்த சட்டையை அவர் மடியில் வைத்தான். "தோள்பட்டை கொஞ்சம் இறுக்கமா இருக்கும்" என்றான்.

பஞ்சர்க்காரர் வேலைக்குப் போனார். கம்ப்ரஸரைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டியிருந்தார்கள். மின்சார இணைப்பைத் துண்டித்திருந்தார்கள். திரைக்கு மட்டும் தனியாக ஒரு ஒயர் போட்டிருந்தார்கள். அதில் எண் உச்சத்திலேயே எரிந்துகொண்டிருந்தது. காலையில் துடைக்க வேண்டும். ஆள் வந்தால் விலகி நிற்கச் சொல்ல வேண்டும். மேலே ஒரு கேமரா. அது கம்ப்ரஸரைப் பார்க்கிறதா, தன்னைப் பார்க்கிறதா என்று அவருக்குக் கடைசி வரை தெரியவில்லை. வெளியூரிலிருந்து பேராசிரியர்கள் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். இயக்குநர் விளக்குவார். கடைசியில் அவர் பக்கம் கையைக் காட்டி, "உருவான வேலைவாய்ப்பு" என்பார். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். முதலில் அவருக்கு எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல் இருந்தது. போகப் போக நேராகப் பார்க்கப் பழகிவிட்டார். அவர் நாள் முழுவதும் திரும்பத் திரும்பச் சொல்லும் வார்த்தை ஒன்றே ஒன்றுதான். குழந்தைகளிடம், முனைவர்களிடம், சுத்தம் செய்ய வரும் பெண்களிடம், எல்லாரிடமும் அதே வார்த்தை, அதே குரல்.

ஒரு நாள் மத்தியானம் மனைவி வந்தாள். கூடத்தில் வேறு யாரும் இல்லை. வாசலில் கேட்டதற்குச் சாப்பாடு கொண்டுவந்ததாகச் சொல்லி உள்ளே வந்திருந்தாள். கடையில் தம்பியோடு சேர்ந்து காலையிலிருந்து பம்பு அடித்திருக்கிறாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியது செருகியபடி இருந்தது. கையெல்லாம் ரப்பர்க் கறுப்பு.

தூக்கைத் தரையில் வைத்துவிட்டுக் கம்ப்ரஸரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். புருஷனை அப்புறம்தான் பார்த்தாள்.

"நல்ல கலர் அடிச்சிருக்காங்க" என்றாள்.

கயிற்றை ஒரு கையால் தூக்கிக் குனிந்து உள்ளே போனாள். காய்ச்சல் இருக்கிறதா என்று பிள்ளையின் நெற்றியைப் பார்ப்பது போல உள்ளங்கையைக் கம்ப்ரஸரின் மேல் வைத்தாள். கையை எடுக்கவில்லை.

பஞ்சர்க்காரரின் கண் கேமராவுக்குப் போனது. அவர் நினைத்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"தொடக்கூடாதும்மா. தள்ளி நில்லுங்க."

அவள் திரும்பிப் பார்த்தாள். ஏதோ திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவள் கையை எடுத்தாள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் வந்தாள். தலைப்பை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"சரிங்க சார்" என்றாள்.

அவள் போன பிறகு பார்த்தார். நீலப் பெயின்ட் மேல் ஐந்து விரலும் பதிந்திருந்தன. மூன்று மணிக்கு ஒரு பஸ் வருவதாக இயக்குநர் காலையிலேயே சொல்லியிருந்தார். பஞ்சர்க்காரர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துணியை எடுத்து நனைத்தார். துடைப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.